ஸ்டீல் கம்பி எலக்ட்ரிக் யூகுலேலே வாங்கப் போறீங்களா? முதல்ல கம்பியப் பாருங்க, அப்புறம் பாடியப் பாருங்க

யூகுலேலே (நாலு கம்பி வச்ச, குட்டி கிட்டார் மாதிரி வாத்தியம்) வாசிக்கிறவங்க ஒரு கட்டத்துல "இதுலயே ராக் கிட்டார் மாதிரி கரகரன்னு டிஸ்டார்ஷன் போட்டு லீட் வாசிக்க முடியுமா"ன்னு யோசிக்க ஆரம்பிப்பாங்க, கிட்டார் வாசிக்கிறவங்க "கைக்கு அடக்கமா, பஸ்ல எடுத்துட்டுப் போற மாதிரி ஒண்ணு வேணும்"னு யோசிப்பாங்க. ரெண்டு பேரும் கடைசில தேடி வர்ற இடம் ஸ்டீல் கம்பி எலக்ட்ரிக் யூகுலேலே. ஆனா இத வாங்குறது சாதாரண யூகுலேலே வாங்குற மாதிரி கிடையாது. நான் முதல் தடவ ஆன்லைன்ல படத்தப் பாத்து, சின்ன எலக்ட்ரிக் கிட்டார் மாதிரியே இருக்கேன்னு ஆசப்பட்டு வாங்கி, பெட்டியத் திறந்து பாத்தா நைலான் கம்பி. விளம்பரத்துல "எலக்ட்ரிக்"னு போட்டிருந்தாங்க, அது பொய்யும் இல்ல, ஆனா எனக்கு வேணும்னு நெனச்ச சத்தம் அதுல வரவே வராது. அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல் படி: எலக்ட்ரிக்னா எந்த எலக்ட்ரிக்?

கடையில "எலக்ட்ரிக் யூகுலேலே"ங்கற ஒரே பேர்ல மூணு வேற வேற சாமான் இருக்கு. ஒண்ணு, சாதாரண மர யூகுலேலே, உள்ள கூடு காலியா இருக்கும், நைலான் கம்பி, பிரிட்ஜுக்கு (பாடியில கம்பி வந்து உக்கார்ற இடம்) அடியில பியசோ பிக்கப் (பிக்கப்னா கம்பி அதிர்றத சிக்னலா மாத்தற பாகம்), ஆம்ப்ல குத்துனா யூகுலேலே சத்தமே பெருசா வரும். ரெண்டாவது, பாடி கெட்டி மரம் ஆனா கம்பி நைலான், இதுலயும் பியசோதான். மூணாவதுதான் நம்ம ஆளு: கெட்டி பாடி, ஸ்டீல் கம்பி, எலக்ட்ரிக் கிட்டார்ல இருக்கற அதே மேக்னெட்டிக் பிக்கப்.

ஏன் கம்பி இவ்ளோ முக்கியம்னா, மேக்னெட்டிக் பிக்கப்ங்கறது காந்தத்தச் சுத்தி செப்புக் கம்பி சுத்துன காயில், அதுக்கு மேல காந்தத்துக்கு இழுபடற கம்பி ஆடுனாதான் காயில்ல கரண்ட் வரும். நைலான் கம்பி எவ்ளோ ஆடுனாலும் அதுக்கு ஒண்ணும் தெரியாது. பியசோ வேற வகை, அது அழுத்தத்தையும் அதிர்வையும் வாங்கி சிக்னலா மாத்தும், கம்பி எதுவா இருந்தாலும் அதுக்குக் கவல இல்ல. பியசோ வச்ச நைலான்ல டிஸ்டார்ஷன் போட்டா வறட்டுன்னு கீச்சுன்னு ஒரு சத்தம் வரும். ராக் சத்தம், ப்ளூஸ் சத்தம், நீண்டு நிக்கற சஸ்டெய்ன் இதெல்லாம் வேணும்னா மூணாவது வகைதான்.

பேரையும் ஷேப்பையும் பாத்து ஏமாறாதீங்க. ஃபெண்டர் ஃபுல்லர்ட்டன் வரிசையில ஸ்ட்ராட், டெலி, ஜாஸ்மாஸ்டர் ஷேப்ல யூகுலேலே வருது, அழகான சாமான், ஆனா நைலான் கம்பி. எபிஃபோன் லெஸ் பால் யூகுலேலேவும் நைலான். கனடாவோட கோடின் மல்டியூக் ரொம்ப நல்ல வாத்தியம், அதுவும் நைலான்தான். ஸ்டீல் வேணும்னா ஜெர்மனிக்காரங்க ரிசாவோட எல்பி, எஸ்டி மாடல்கள், விலை கம்மியா வர்ற வோர்சன், அமெரிக்காவுல ப்ளூ ஸ்டாரோட கோனாப்ளாஸ்டர், இந்த மாதிரிதான் தேடணும். நேர்ல போய்ப் பாக்கறீங்கன்னா ஃப்ரிட்ஜ்ல ஒட்டற சின்ன காந்தம் ஒண்ண பாக்கெட்ல போட்டுட்டுப் போங்க, கம்பிகிட்ட கொண்டு போங்க, இழுத்தா ஸ்டீல். ஆன்லைன்னா விற்கிறவர்கிட்ட ரெண்டே கேள்வி: கம்பி ஸ்டீலா, பிக்கப் மேக்னெட்டிக்கா? ரெண்டுக்கும் நேரடியா ஆமான்னு பதில் வரலன்னா விட்டுடுங்க.

இன்னொண்ணு இங்கயே சொல்லிடறேன். கையில இருக்கற நைலான் யூகுலேலேல ஸ்டீல் கம்பி போட்டா முடிஞ்சுது வேலைன்னு நெனைக்காதீங்க. அது மெல்லிசான மேல் பலகை, பிரிட்ஜ் பசையிலதான் நிக்குது, கழுத்துல பெரும்பாலும் ட்ரஸ் ராட் (கழுத்து வளையாம தாங்கற உள் கம்பி) இருக்காது, கம்பி ரெண்டு முனையிலயும் ஏறி உக்கார்ற நட்டும் (தலைப்பக்கம்) சாடிலும் (பிரிட்ஜ் பக்கம்) ஸ்டீலுக்காக வெட்டுனது இல்ல. நண்பர் ஒருத்தர் அகூஸ்டிக் கிட்டார் கம்பிய தன்னோட கான்சர்ட் அளவு யூகுலேலேல மாட்டி, ஒரு வாரத்துல பிரிட்ஜ் பின்பக்கம் தூக்கிருச்சு. அவருக்கு அது அவங்க அக்கா வாங்கிக் குடுத்தது, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு.

ஸ்டீலும் யூகுலேலே ட்யூனிங்கும் சேர்றது புதுசு இல்ல, மார்ட்டின் கம்பெனி 1920கள்லயே டிப்ளேன்னு பத்து ஸ்டீல் கம்பி வச்ச ஒரு குட்டி வாத்தியம் விட்டுச்சு, அந்தப் பத்தும் நாலு கூட்டமா (2, 3, 3, 2) இருக்கும், யூகுலேலே விரல் வடிவங்களே போதும். இன்னும் சொல்லப் போனா எலக்ட்ரிக் கிட்டாரே ஹவாய் இசை வழியாத்தான் வந்துச்சு, 1932ல வித்த "ஃப்ரையிங் பேன்" மடியில வச்சு வாசிக்கற ஹவாய் ஸ்டீல் கிட்டார்தானே.

ரெண்டாவது படி: வாங்கறதுக்கு முன்னாடி ஓசில ஒரு சோதனை

இத யாரும் சொல்றதில்ல, எனக்குத் தெரிஞ்சு இதவிட நல்ல சோதனை இல்ல. நண்பர்கிட்ட எலக்ட்ரிக் கிட்டார் இருந்தா அஞ்சாவது ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்க இருக்கற உலோகக் கட்டைதான் ஃப்ரெட்) கேப்போ, அதாவது எல்லா கம்பியையும் சேத்து அழுத்தற கிளிப், மாட்டுங்க, மேல ரெண்டு தடிமன் கம்பிய விட்டுட்டு மிச்ச நாலு கம்பிய மட்டும் வாசிங்க. டி ஜி பி இ-யா இருந்தது ஜி சி இ ஏ-வா ஆயிடும், அதாவது லோ ஜி (ஜி கம்பி ஒரு ஸ்தாயி கீழ இருக்கற) யூகுலேலே! கேப்போல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் நீளம் கிட்டத்தட்ட 19 இன்ச், பாரிட்டோன்னு சொல்ற பெரிய யூகுலேலே அளவு. நீங்க தெரிஞ்சு வச்சிருக்கற யூகுலேலே கார்டு எல்லாம் அப்படியே வரும். க்ளீன்ல வாசிங்க, ட்ரைவ், அதாவது டிஸ்டார்ஷன், போட்டு வாசிங்க, ஒரு மணி நேரம் உக்காந்து வாசிங்க. இந்த சத்தம் புடிச்சிருந்தா மேல படிங்க. "இல்லப்பா, எனக்கு அந்த நைலான் பொலபொலன்னு விழற சத்தம்தான் வேணும்"னு தோணுச்சுன்னா ரெண்டாவது வகைய வாங்குங்க, அதுல தப்பே இல்ல, காசும் மிச்சம்.

நம்ம ஊர்ல இந்த சத்தத்துக்குக் கிட்டத்துல ஒரு நல்ல அடையாளம் இருக்கு. மாண்டலின் யூ. ஸ்ரீநிவாஸ் வாசிச்சது கெட்டி பாடி எலக்ட்ரிக் மாண்டலின், ஜோடிக் கம்பிகள எடுத்துட்டு ஒத்தக் கம்பியா மாத்தி, அஞ்சாவது ஒரு கம்பியும் சேத்து கர்நாடக சங்கீதத்த அதுல கொண்டு வந்தார். சின்ன கழுத்து, ஸ்டீல் கம்பி, மேக்னெட்டிக் பிக்கப். கமகம் எப்படி வழுக்கிட்டுப் போகும்னு அவர் வாசிச்சத ஒரு தடவ கவனிச்சுக் கேளுங்க, குட்டி ஸ்டீல் கம்பி வாத்தியத்தால என்ன முடியும்னு புரியும்.

மூணாவது படி: ஸ்கேல் லெங்த், இதுலதான் நேரம் செலவு பண்ணணும்

ஸ்கேல் லெங்த்னா நட்ல இருந்து சாடில் வரைக்கும் கம்பி ஆடற நீளம். அளக்கறது ஈஸி, நட்ல இருந்து 12வது ஃப்ரெட் வரைக்கும் அளந்து ரெண்டால பெருக்குங்க. யூகுலேலே அளவுகள் சின்னதுல இருந்து பெருசு வரைக்கும், பொதுவா சோப்ரானோ 13.5 இன்ச் பக்கம், கான்சர்ட் 15, டெனர் 17, பாரிட்டோன் 19 முதல் 20.

நைலான்ல சோப்ரானோவா டெனராங்கறது பெரும்பாலும் ருசி சம்பந்தப்பட்டது. ஸ்டீல்ல அப்படி இல்ல, ஸ்கேல் மாறினா கம்பியோட இழுவையே மாறிடும், வாத்தியம் வேற ஆளா ஆயிடும். ஒரே கம்பி, ஒரே சுதி, நீளம் குறைஞ்சா இழுவை குறையும், அதுவும் பாதி நீளத்துக்குக் கால்வாசிங்கற கணக்குல வேகமா குறையும். 10 கேஜ் கம்பிய (அதாவது ஒரு இன்ச்ல ஆயிரத்துல பத்து பங்கு தடிமன்) ஏ சுதிக்கு, 440 ஹெர்ட்ஸ்க்கு ஏத்துனா, டெனர் 17 இன்ச்ல சுமார் 5.8 கிலோ இழுவை. அதே கம்பி 13.5 இன்ச் சோப்ரானோல 3.7 கிலோதான். அதே 10ஐ 25.5 இன்ச் கிட்டார்ல அதோட வழக்கமான இ சுதிக்கு ஏத்துனா 7.3 கிலோ. இப்ப தெரியுதா, சோப்ரானோல ஏன் கம்பி தொளதொளன்னு ரப்பர் மாதிரி இருக்குன்னு? சரி, தடிமனா கம்பி போட்டு இழுவைய ஏத்தலாம்னா, குட்டை நீளத்துல தடிமன் கம்பி விறைப்பா ஒரு கம்பித் துண்டு மாதிரி நடந்துக்கும், சுதி சுத்தமா நிக்காது, மேல ஃப்ரெட்டுக்குப் போகப் போக அபஸ்வரம் கேக்கும்.

விரலுக்கும் கணக்கு இருக்கு. டெனர்ல முதல் ஃப்ரெட் அகலம் 24 மி.மீ., 12வது ஃப்ரெட்டுக்கும் 13வதுக்கும் நடுவுல 12 மி.மீ. சோப்ரானோல அந்த 12 மி.மீ. பத்துக்கும் கீழ போயிடும். ஸ்டீல்ல வாங்கறதே மேல ஃப்ரெட்ல லீட் வாசிக்கத்தான், அங்க விரல் வைக்க இடமே இல்லன்னா எதுக்கு?

அதனால என் கருத்து தெளிவானது: முதல் ஸ்டீல் எலக்ட்ரிக்னா டெனர். விரல் பெருசா இருக்கறவங்க, ஏற்கனவே கிட்டார் வாசிக்கிறவங்க பாரிட்டோன் பாக்கலாம். சோப்ரானோவும் கான்சர்ட்டும் கையில எடுத்து வாசிச்சுப் பாத்து புடிச்சா மட்டும், ஆன்லைன்ல வேண்டாம்.

இன்னொரு விஷயம், குட்டை ஸ்கேல்ல கம்பி சுலபமா வளையும். பெண்ட் பண்றதுக்கு சுகம். ஆனா அதே காரணத்துனால விரலக் கொஞ்சம் அழுத்திப் புடிச்சாலே சுதி ஏறிடும், கார்டு புடிக்கறப்ப ஒரு விரல் சாஞ்சு கம்பியத் தள்ளுனாலே கேக்கும். நைலான்ல இறுக்கிப் புடிச்சுப் பழகுனவங்களுக்கு முதல் ரெண்டு வாரம் "வாத்தியம் சுதி சேரலையே"ன்னு இருக்கும், வாத்தியம் இல்ல, பிடிதான். அழுத்தத்தக் குறைங்க.

நாலாவது படி: லோ ஜியா ஹை ஜியா, கம்பி செட்

இத வாங்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணணும், ஏன்னா நட்டுல வெட்டியிருக்கற பள்ளம் கம்பி தடிமனுக்கு ஏத்தது. 26 கேஜ் கம்பிக்கு வெட்டுன பள்ளத்துல 10 கேஜ் கம்பி போட்டா உள்ள ஆடி ஜிங்குன்னு ஒரு ஓசை, 10க்கு வெட்டுனதுல 26 போட்டா மேலயே உக்காந்துக்கும். மாத்தணும்னா நட்ட அரம் போட்டு ராவணும், இல்ல புது நட்டு.

ஸ்ட்ரம்மிங்கும் அந்த டிபிக்கல் யூகுலேலே வாசனையும் வேணும்னா ஹை ஜி. லீட், ரிஃப், கிட்டார்ல கத்துக்கிட்டத அப்படியே வாசிக்கறதுன்னா லோ ஜி. ஸ்டீல் எலக்ட்ரிக்ல லோ ஜிதான் எனக்கு அர்த்தமுள்ளதா படுது, ஏன்னா ஹை ஜி போட்டா இருக்கற நாலு கம்பியும் மேல் ஸ்தாயிலயே இருக்கும், டிஸ்டார்ஷன்ல அடி இல்லாம கீச்சுன்னு இருக்கும்.

இப்ப நல்ல சேதி. ஸ்டீல் யூகுலேலேக்குன்னு தனி செட் நம்ம ஊர் கடையில தேடி அலையறது சிரமம், ஆனா தேவையே இல்ல. எல்லா கடையிலயும் கிடைக்கற 10-46 எலக்ட்ரிக் கிட்டார் செட் வாங்குங்க. அதுல முதல் நாலு கம்பி 10, 13, 17, அப்புறம் சுத்துகம்பி 26. டெனர் 17 இன்ச்ல 10ஐ ஏ சுதிக்கு, 13ஐ இ சுதிக்கு, 17ஐ சி சுதிக்கு, 26ஐ லோ ஜி சுதிக்குப் போட்டா இழுவை முறையே 5.8, 5.5, 5.9, 6.6 கிலோ பக்கம் வருது, கிட்டத்தட்ட சமம்! யாரோ நமக்காகவே அளந்து வச்ச மாதிரி. ஹை ஜி வேணும்னா 26க்கு பதிலா தனியா ஒரு 11 வாங்கிக்கோங்க. பாரிட்டோன்ல ஜி சி இ ஏ ட்யூனிங்னா 9-42 செட்டு, டி ஜி பி இ ட்யூனிங்னா 11ல ஆரம்பிக்கற செட்டு.

செட்டு வாங்கும்போது கவனம், அகூஸ்டிக் கிட்டார் ப்ரான்ஸ் கம்பி வேண்டாம். அதோட சுத்து ப்ரான்ஸ், காந்தத்துக்கு இழுபடாது, உள்ள இருக்கற ஸ்டீல் மட்டும்தான் பிக்கப்புக்குத் தெரியும், லோ ஜி மட்டும் அமுங்கிப் போயிடும். நிக்கல் சுத்துன எலக்ட்ரிக் செட்டுதான் போடணும். கம்பியோட முனை குண்டு மாட்ற மாதிரி பிரிட்ஜ் இருக்கான்னும் பாத்துக்கோங்க.

அஞ்சாவது படி: பிரிட்ஜும் கீயும் கழுத்தும்

ஒவ்வொரு கம்பிக்கும் சாடில் தனித்தனியா முன்ன பின்ன நகர்ற பிரிட்ஜ் இருக்கணும். இது இல்லாத ஸ்டீல் எலக்ட்ரிக் யூகுலேலேவ நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். தடிமன் சுத்தாத கம்பிக்கு, குறிப்பா அந்த 17க்கு, நீளம் கொஞ்சம் கூடுதலா விட்டாதான் 12வது ஃப்ரெட்ல சுதி சேரும். சோதனை இப்படி: கம்பிய 12வது ஃப்ரெட்டுக்கு நேர் மேல லேசா தொட்டு ஹார்மோனிக் எடுங்க, அப்புறம் அதே ஃப்ரெட்ட அழுத்தி வாசிங்க, ட்யூனர் ரெண்டுக்கும் ஒரே இடம் காட்டணும். அழுத்துனப்ப சுதி ஏறுனா சாடில பின்னாடி தள்ளுங்க, இறங்குனா முன்னாடி கொண்டு வாங்க. பின்னாடி தள்ளத் தள்ள இடம் முடிஞ்சும் சுதி ஏறியே இருந்தா பிரிட்ஜே தப்பான இடத்துல அடிச்சிருக்காங்க, திருப்பிக் குடுத்துடுங்க, அத யாராலயும் சரி பண்ண முடியாதுன்னு இல்ல, பிரிட்ஜக் கழட்டித் திரும்ப மாட்டணும், செலவு வாத்தியத்த மிஞ்சும்.

ட்யூனிங் கீ பல்சக்கரம் வச்சதா இருக்கணும். பழைய மாதிரி உராய்வுல நிக்கற கீ நைலானுக்கு ஓகே, ஸ்டீல் கம்பி கொஞ்சம் திருப்புனாலே அரை சுதி ஏறிடும், நுணுக்கமா நிறுத்தவே முடியாது.

கழுத்துல ட்ரஸ் ராட் இருந்தா நல்லது, இல்லாத மாடலும் இருக்கு, அப்படின்னா கழுத்த கண்ணுக்கு நேரா புடிச்சு நீளவாக்குல பாருங்க, வில்லு மாதிரி வளைஞ்சிருந்தா வேண்டாம். 12வது ஃப்ரெட்ல கம்பி உயரம் 1.5 முதல் 2 மி.மீ. இருந்தா வசதி. ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்லயும் பொறுமையா வாசிச்சுப் பாருங்க, விர்ருன்னு எங்கயாவது உரசுதான்னு. ஃப்ரெட் ஓரத்த விரலால தடவுங்க, கீறக் கூடாது.

ஆறாவது படி: பிக்கப்

சிங்கிள் காயிலா (ஒரே காயில்) ஹம்பக்கராங்கறது (ரெண்டு காயில்) ருசி, ஆனா வீட்டு வயரிங் சுமாரா இருந்தா ஹம்பக்கர். நம்ம கரண்டோட 50 ஹெர்ட்ஸ் ம்ம்ம்னு சிங்கிள் காயில்ல ஏறும். 1950கள்ல கிப்சன்ல வேல பாத்த சேத் லவர் இந்த இரைச்சலக் கொல்றதுக்குத்தான் ரெண்டு காயில எதிரும் புதிருமா வச்சு ஹம்பக்கர் கொண்டு வந்தார். ஸ்டீல் யூகுலேலேயோட சத்தம் ஏற்கனவே கூர்மையா இருக்கறதால ஹம்பக்கரோட தடிச்ச சத்தம் அத சமன் பண்ணும், அதுவும் ஒரு காரணம்.

இங்க நெறய பேர் கவனிக்காதது காந்த முளை இடைவெளி. ஆறு கம்பி கிட்டாருக்குச் செஞ்ச பிக்கப்ப நாலு கம்பி வாத்தியத்துல வச்சா சில கம்பி முளைக்கு மேலயும் சில கம்பி ரெண்டு முளைக்கு நடுவுலயும் விழும், அந்தக் கம்பி சத்தம் கம்மியா கேக்கலாம். நாலு முளை கம்பிக்கு நேரா இருக்கணும், இல்ல முளையே இல்லாம நீள பட்டை வச்ச ரெயில் டைப்பா இருக்கணும். கடையில நாலு கம்பியையும் ஒரே பலத்துல தட்டிப் பாருங்க, ஆம்ப்ல நாலும் சமமா வரணும்.

ஆம்ப்ல குத்தி கம்பியத் தொடாம இருக்கறப்ப லேசா இரைச்சல் வந்து, கம்பியத் தொட்டதும் அடங்குனா கிரவுண்ட் வயர் சரியா இருக்குன்னு அர்த்தம். தொட்டதும் இரைச்சல் கூடுனா எங்கயோ வயரிங் தப்பு. வால்யூம், டோன் திருகும்போது கரகரன்னா பாட் (திருகுக்கு உள்ள இருக்கற பாகம்) அழுக்கு, பேரம் பேசலாம்.

ஏழாவது படி: மத்த செலவு

பட்ஜெட்ட முழுசா வாத்தியத்துக்கே போட்டுடாதீங்க. ஆம்ப் இல்லாம இது கிட்டத்தட்ட ஊமை, ராத்திரி அபார்ட்மெண்ட்ல யாரையும் எழுப்பாம வாசிக்க வசதிதான், ஆனா முழு சத்தம் ஆம்ப்லதான். 10 வாட் ப்ராக்டிஸ் ஆம்ப் தாராளம், இல்லன்னா ஜாக்ல நேரா குத்தற வாக்ஸ் ஆம்ப்ளக் மாதிரி ஹெட்ஃபோன் ஆம்ப். சாதாரண கால் இன்ச் கிட்டார் கேபிள் போதும், மேக்னெட்டிக் பிக்கப் மட்டும் இருக்கறதுல பேட்டரி தேவையில்ல. வெளிநாட்டுல இருந்து வரவழைச்சா ஷிப்பிங், கஸ்டம்ஸ் ரெண்டையும் விலையோட சேத்துப் பாருங்க. செட்டப்புக்குன்னு கொஞ்சம் ஒதுக்குங்க, விலை கம்மியான மாடல்ல ஃப்ரெட்டும் நட்டும் ஒரு நல்ல கிட்டார் ரிப்பேர்காரர் கை பட்டா வேற வாத்தியமாவே மாறிடும், இத நான் கண்ணால பாத்திருக்கேன்.

எட்டாவது படி: வந்த முதல் வாரம்

வந்ததும் கூட வந்த கம்பியக் கழட்டிட்டு மேல சொன்ன செட்ட மாட்டுங்க. ஒரே நேரத்துல நாலையும் கழட்டாம ஒண்ணொண்ணா, பிரிட்ஜ் சில மாடல்ல கம்பி இழுவையிலதான் நிக்கும், விட்டா கீழ விழும். புதுக் கம்பி ரெண்டு நாள் இழுத்து இழுத்து சுதி சேத்தாதான் நிக்கும். அப்புறம் 12வது ஃப்ரெட் சோதனை, சாடில் சரி பண்றது. அப்புறமும் ஒரு கம்பி மட்டும் சத்தம் தூக்குனா பிக்கப்ப அந்தப் பக்கம் ஸ்க்ரூல கொஞ்சம் இறக்குங்க.

ட்ரைவ் போட்டு வாசிக்கறப்ப நாலு கம்பி கார்டு கசகசன்னு இருக்கும், அது வாத்தியத்தோட குறை இல்ல, ரெண்டு ரெண்டு கம்பியா வாசிங்க, டோன பாதிக்குக் குறைங்க, அப்பதான் அந்தச் சத்தம் உருண்டு வரும்.

சென்னை மாதிரி கடலோர ஊர்ல இருந்தா ஸ்டீல் கம்பி துரு புடிக்கறது நைலான்ல இருந்து வர்றவங்களுக்குப் புது அனுபவம். வாசிச்சு முடிச்சதும் பழைய பருத்தித் துணியால கம்பிக்கு மேலயும் அடியிலயும் துடைச்சுட்டு பையில வைங்க, பைக்குள்ள ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். செட்டுல மிச்சமாகற 36, 46 ரெண்டு கம்பியையும் தூக்கிப் போட வேண்டாம், கிட்டார் வாசிக்கிற நண்பர் யாருக்காவது குடுங்க, கேப்போவும் கிட்டாரும் கடன் குடுத்தாரே, அவருக்கே குடுக்கலாம்.